எந்த ஊர்த் தோட்டம் நம் வீட்டுக்கு ஆகும்?

போன வருடம் பிப்ரவரியில் தோட்டம் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் கொட்டேஷன் வாங்கினேன். கோவைக்கு வெளியே எங்கள் வீட்டுக்குப் பின்னால் 24 அடிக்கு 40 அடி இடம் சும்மா கிடக்கிறது. மனைவிக்கு அதை ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வந்த பிடிஎஃப்பின் தலைப்பு 'ஜாப்பனீஸ் ஜென் தீம்'. வெள்ளைக் கூழாங்கல் இத்தனை டன், செயற்கைப் புல் இத்தனை சதுர அடி, மூங்கில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் ஒரு செட்டப், கல் விளக்கு ஒன்று, புத்தர் தலை ஒன்று. ஏழாவது வரியில் 'மரம் அகற்றுதல் – 1' என்று இருந்தது.

அந்த ஒன்று, 1996-ல் அப்பா வைத்த வேம்பு. ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டேன். "இலை கொட்டிக்கிட்டே இருக்கும் சார், வெள்ளைக் கல்லு மேல விழுந்தா லுக் போயிடும்" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னது உண்மைதான். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மாவிடம் அந்த ஏழாவது வரியைப் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரம் ஐந்து மாதமாக நீண்டது. இந்தக் கட்டுரை அந்த ஐந்து மாதக் குறிப்புகளின் சுருக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தாவரவியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஒரு பழைய சிஸ்டத்தைப் பார்த்தால், "இதை ஏன் இப்படி எழுதினான்? அன்றைக்கு என்ன பிரச்சினை இருந்தது?" என்று கேட்கிற பழக்கம் மட்டும் உண்டு. அதே கேள்வியை உலகத்தின் தோட்டங்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாணியும் அந்த ஊரின் ஏதோ ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடித்த விடை. பெரும்பாலும் தண்ணீர்ச் சிக்கல், அடுத்தபடியாக ஆள் சிக்கல். போட்டோவில் நமக்கு விடை மட்டும்தான் தெரிகிறது.

புல்வெளியில் பட்ட பாடு

இது எனக்கு இரண்டாவது முயற்சி. 2018-ல் அதே இடத்தில் 24-க்கு 30 அடி புல்வெளி போட்டோம். அடுத்த கோடையில் அது கருகி, தேங்காய் நார் கால்மிதி மாதிரி ஆகிவிட்டது. அப்போது தோட்டக்காரரைக் குறை சொன்னேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் தப்பு அவர் மேல் இல்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் புல்லும் மண்ணுமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாக விடும் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் புல்வெளி 67 சதுர மீட்டர். தினமும் 335 லிட்டர். மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் மூன்று நாளில் காலி, அதுவும் வெறும் புல்லுக்கு. 2017 கோடையில் எங்கள் போர்வெல் காற்று மட்டும் விட்டதைப் பார்த்த பிறகும் இதைச் செய்தோம் என்பதுதான் வேடிக்கை.

இதைவிட வேடிக்கை அடுத்தது. லண்டனின் ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். கோவையினுடையது 600-லிருந்து 700. அதாவது புல்வெளியின் தாயகமும் எங்கள் ஊரும் மொத்த மழையில் ஒன்றுதான்! ஆனால் லண்டனில் அந்த மழை மாதா மாதம் சம்பளம் மாதிரி வருகிறது, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், நிற்காது. எங்களுக்கு அக்டோபர், நவம்பரில் ஏறக்குறைய பாதி கொட்டிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். சராசரியை மட்டும் பார்த்து சர்வருக்கு கெபாசிட்டி போட்டால் என்ன ஆகும் என்று என் துறைக்காரர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தின் பெரும் புல்வெளிகளுக்கு மழை மட்டும் போதவில்லை, ஆடும் தேவைப்பட்டது. 18-ம் நூற்றாண்டில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்று பெயர் வாங்கிய லான்சலாட் பிரவுன் நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைத் தோட்டங்களை வடிவமைத்தார். மாளிகை வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டிய வரை புல், நடுவில் மரத்தோப்பு, தூரத்தில் ஆடு மேயும். புல்லை மட்டமாக வைத்திருந்தது அந்த ஆடுகள்தான். ஆடு வாசலுக்கு வராமல் இருக்க வேலி போட்டால் காட்சி கெடுமே? அதனால் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்துச் சுவராகவும் பள்ளம் வெட்டினார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளமே தெரியாது. அதற்குப் பெயர் 'ஹா-ஹா'. நிஜமாகவே அதுதான் பெயர்.

ஆடு மேயாத இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று நீண்ட அரிவாளால் வெட்ட வேண்டும். அதனால் புல்வெளி என்பதே பணக்காரன் சமாசாரமாக இருந்தது. 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் பிசிறைச் சீவுகிற ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். கோயம்புத்தூர்க்காரனுக்கு இது பிடிக்காமல் போகுமா. அதற்குப் பிறகுதான் புல்வெளி நடுத்தர வர்க்கத்து வீட்டுக்கு இறங்கி வந்தது. நம் ஊர் பங்களாக்களுக்கு வெள்ளைக்காரரோடு வந்தது. தாஜ்மகாலுக்கு முன்னால் இன்று நாம் பார்க்கிற பச்சைப் புல்வெளிகூட ஷாஜகான் காலத்தது இல்லை, கர்சன் பிரபு காலத்துச் சீரமைப்பில் வந்தது. அங்கே முதலில் என்ன இருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கூழாங்கல்லுக்கு முன்னால் பாசி

சரி, ஜப்பான். கொட்டேஷனில் இருந்த வெள்ளைக் கல் தோட்டத்தின் மூலம் கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில். சுமார் 250 சதுர மீட்டர், அதாவது எங்கள் பின்பக்கத்தைவிட இரண்டே முக்கால் மடங்கு. வெள்ளைச் சரளையில் 15 பாறைகள், ஐந்து கூட்டமாக. தரையளவில் எந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு பாறையாவது மறைந்துவிடும். யார் அமைத்தது, எந்த ஆண்டு என்பதில் இன்றும் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

இதில் நான் கவனிக்காமல் விட்ட விஷயம், அதற்குள் யாரும் நடப்பதில்லை. திண்ணை மாதிரியான மர வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பதற்காக ஆனது. சரளையை வரிவரியாகக் கோதிவிடுவது துறவிகளின் அன்றாடப் பயிற்சிகளில் ஒன்று. பராமரிப்புச் செலவை ஆன்மிகக் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் துறவி இல்லை. அம்மா துணி காயப்போட அந்த இடத்தில் நடக்க வேண்டும். வேம்பு பிப்ரவரி, மார்ச்சில் இலை முழுக்கக் கொட்டும். அந்தத் தம்பி சொன்னது சரி என்று இதனால்தான் மேலே எழுதினேன். அந்த பாணிக்கு வேம்பு எதிரிதான். ஆனால் எதிரியாக இருந்தால் மாற்ற வேண்டியது மரத்தையா, பாணியையா?

ஜப்பானியத் தோட்டம் என்றால் கல் மட்டும் இல்லை. அதே கியோட்டோவில் சாய்ஹோஜி என்ற கோயில் இருக்கிறது, பாசிக் கோயில் என்றே பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பாசி தரையெல்லாம் வெல்வெட் மாதிரிப் படர்ந்திருக்கும். 1339-ல் முசோ சொசெகி என்ற ஜென் துறவி அந்தத் தோட்டத்தைச் சீரமைத்தபோது பாசி திட்டத்திலேயே இல்லை. பிற்காலத்தில் கோயிலுக்கு வருமானம் இல்லாமல் பராமரிப்பு நின்றது. கியோட்டோவின் ஈரத்தில் பாசி தானாக ஏறிக்கொண்டது. விட்டுவிட்டார்கள். இன்று அதைப் பார்க்கத்தான் உலகமே போகிறது. ஆண்டுக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் கவனிக்காமல் விட்டால் பாசித் தோட்டம். எங்கள் ஊரில் கவனிக்காமல் விட்டால் பார்த்தீனியம்.

ஆனால் ஜப்பானிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கியோட்டோவின் பழைய வணிகர் வீடுகள் முகப்பு குறுகி, பின்னால் நீண்டுகொண்டே போகும். 'விலாங்கு மீனின் படுக்கை' என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள். அந்த நீளத்துக்கு வெளிச்சமும் காற்றும் வர, நடுவில் கையகலத்துக்கு ஒரு முற்றம் விடுவார்கள். ஒரு கல், ஒரு பெரணி, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். 'சுபோநிவா' என்று பெயர். வெயில்படும் முற்றம் ஒன்றும் நிழலான முற்றம் ஒன்றும் இருந்தால், இரண்டுக்கும் வெப்பநிலை வேறுபட்டு வீட்டுக்குள் காற்று ஓடும். சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் இன்னும் நன்றாக ஓடும். செட்டிநாட்டு வளவு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சமையலறைப் பக்கம் 5-க்கு 7 அடியில் ஒரு ஓ.டி.எஸ். இருக்கிறது. வீட்டு பிளானில் மேலே திறந்துவிடுவார்களே, அதுதான். பழைய வாளியும் மாப்பும் வைக்கிற இடமாக இருந்தது. மனைவியிடம் சுபோநிவா படங்களைக் காட்டினேன். "ஏங்க, இதுக்கா லட்சக்கணக்குல கொட்டேஷன் வாங்கினோம்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறே ஒரு அம்மிக்கல்லையும் நாலு தொட்டிச் செடியையும் அங்கே வைத்துவிட்டார். ஜப்பானிய ஆசை அந்த 35 சதுர அடியில் நிறைவேறியது.

பிரான்சையும் சீனாவையும் சீக்கிரம் தாண்டிவிடலாம். வெர்சாயில் லூயி 14-க்கு லெ நோத்ர் அமைத்த தோட்டத்துக்குத் தண்ணீர் பற்றவே இல்லை. செய்ன் நதியிலிருந்து மேலே ஏற்ற 14 ராட்சதச் சக்கரங்களும் 200-க்கு மேற்பட்ட பம்புகளும் கொண்ட ஒரு இயந்திரத்தை 1684-ல் முடித்தார்கள். அப்படியும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியவில்லை. ராஜா நடந்து வரும்போது ஒரு தோட்டக்காரர் விசில் அடிப்பார், அடுத்த ஆள் அந்தந்த ஊற்றைத் திறப்பார், ராஜா தாண்டியதும் மூடிவிடுவார். சோம்பேறித்தனமாக லோடு செய்வது 17-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. சீனாவின் சூஜோ தோட்டங்கள் நேர் எதிர். அது கால்வாய்களின் ஊர், தோண்டினால் தண்ணீர். குளம் வெட்டி, அந்த மண்ணையே குன்றாகக் குவித்து, நடுவில் பாறையும் மண்டபமும் வைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தோட்டங்கள் அவை. ஆனால் தோண்டினால் தண்ணீர் வருகிற ஊருக்கானவை. எங்கள் ஏரியாவில் 800 அடி போர் போட வேண்டும்.

சுவர், நிழல், வாய்க்கால்

ஈரானுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காஷான் நகரத்தின் ஆண்டு மழை சராசரியாக 150 மில்லிமீட்டருக்கும் குறைவு, நமக்குக் கிடைப்பதில் கால்வாசிகூட இல்லை. அந்த ஊரில்தான் ஃபின் தோட்டம் இருக்கிறது, நீலத் தரை ஓடு பதித்த வாய்க்கால்களில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, பம்பே இல்லாமல் ஊற்றுகள் பீச்சுகின்றன. யுனெஸ்கோ 2011-ல் 'பாரசீகத் தோட்டம்' என்ற ஒரே பெயரில் ஒன்பது தோட்டங்களைப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் ஒன்று. மிகப் பழையது பசர்கடே. கி.மு. 6-ம் நூற்றாண்டில் சைரஸ் மன்னர் அமைத்தது. கல்லில் செதுக்கிய வாய்க்கால்களும் இடையிடையே சிறு கல்தொட்டிகளும் இன்றும் கிடக்கின்றன.

தண்ணீர் எங்கிருந்து? பல இடங்களில் கனாத். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கிற ஆழம் வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊர்ப் பக்கம் மிக மெல்லிய சரிவில் ஒரு சுரங்கம், பல கிலோமீட்டருக்குக்கூட. மண் அள்ளவும் காற்று வரவும் வழியெல்லாம் மேலிருந்து துளைகள். தண்ணீர் தன் எடையில் தானே நடந்து வரும், வெயில் படாது. நம் பக்கத்தில் காசர்கோட்டில் குன்றைக் குடைந்து 'சுரங்கம்' வெட்டுகிறார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. கனாத் தண்ணீரை நேரக்கணக்கில் பங்கு போடுவார்கள். அடியில் துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரம் ஒரு பங்கு. நம் நாழிகை வட்டிலேதான்.

உங்கள் முறை வரும்போது தண்ணீரை வாங்கி முதலில் குளத்தில் சேர்ப்பீர்கள். பிறகு அங்கிருந்து குறுகிய வாய்க்கால். அகலமாக இருந்தால் ஆவியாகிவிடுமே. ஓரத்தில் உயர்ந்த சினார் மரமும் சைப்ரஸும், அதன் நிழலில் மாதுளை போன்ற பழ மரங்கள், அதற்கும் கீழே ரோஜா. எல்லாவற்றையும் சுற்றி உயரமான மண் சுவர், பாலைக்காற்று உள்ளே வராமல். இந்தச் சுவர் எவ்வளவு முக்கியம் என்றால், பழைய ஈரானிய மொழியில் 'சுற்றிச் சுவர் கட்டியது' என்று பொருள்படும் 'பைரி தைஸா' என்ற சொல்தான் கிரேக்கம் வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'பாரடைஸ்' ஆனது. சொர்க்கம் என்றால் காம்பவுண்ட் சுவர்!

கெர்மான் பக்கம் மஹானில் ஷாஸ்தே தோட்டத்தின் வான்வழிப் படத்தைத் தேடிப் பாருங்கள். நாலு பக்கமும் பழுப்புப் பாலை, நடுவில் ஏறக்குறைய 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சைச் செவ்வகம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு புல்கூட இல்லை, அந்தப் பக்கம் அருவி மாதிரிப் படிப்படியாகத் தண்ணீர் இறங்குகிறது. அந்தப் படத்தை ஒரு மாதம் என் டெஸ்க்டாப் வால்பேப்பராக வைத்திருந்தேன்.

இந்தப் பாணி இரண்டு பக்கம் பயணம் போனது. கிழக்கே பாபர் கொண்டுவந்தார். 1526-ல் ஆக்ராவுக்கு வந்ததும் அவர் முதலில் புலம்பியது ஓடும் தண்ணீர் இல்லையே என்றுதான், தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். மலைச்சரிவு இல்லாத சமவெளியில் சக்கரம் வைத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, சரிவைச் செயற்கையாக உண்டாக்கினார். தாஜ்மகால் தோட்டம் அந்த வழி வந்தது. நாலாகப் பிரித்த 'சஹார் பாக்', உயர்ந்த நடைபாதை, தாழ்ந்த பாத்திகளில் மரமும் பூவும். கர்சன் காலத்தில் புல்லாக மாறியது அதுதான்.

மேற்கே அரபுகள் வழியாக ஸ்பெயினுக்குப் போனது. செவில் நகரத்து அல்காசர் அரண்மனையில் ஒரு முற்றம் நானூறு வருடத்துக்கும் மேலாக வெறும் பளிங்குத் தளமாக இருந்தது. 2000-களின் முதல் பாதியில் அகழாய்வு செய்தபோது தளத்துக்கு அடியில் பழைய தோட்டம் கிடைத்தது, நடுவில் நீண்ட நீர்த்தொட்டி, இரு பக்கமும் தாழ்ந்த பாத்திகள். இப்போது பளிங்கை எடுத்துவிட்டுத் தோட்டத்தைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். தாழ்வான பாத்தியில் மரம் வைத்தால் இலை நடப்பவன் கால் மட்டத்துக்கு வரும், கம்பளம் மேல் நடப்பது போல. அழகு ஒரு பக்கம். வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும், விட்ட தண்ணீர் ஒரு சொட்டு வெளியே ஓடாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

செவிலின் மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஆண்டுக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டி. பெரும்பாலும் குளிர்காலத்தில், ஜூலை ஆகஸ்டில் ஏறக்குறைய பூஜ்யம், வெயில் 40-ஐத் தாண்டும். மாதங்கள் இடம் மாறியிருக்கின்றனவே தவிர, வரைபடத்தின் வடிவம் லண்டனைவிட எங்கள் ஊருக்கு எவ்வளவோ நெருக்கம். கொட்டித் தீர்த்துவிட்டுக் காயவிடுகிற மழை. அந்த இரவு மனைவியை எழுப்பி இதைச் சொன்னேன். அவருக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை.

நியாயமாக இன்னொரு போட்டியாளரையும் சொல்ல வேண்டும். இலங்கையில் கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டம். தென்னை, பலா, பாக்கு, அதில் ஏறிய மிளகு, கீழே காப்பியும் கிழங்கும் என்று அடுக்கடுக்காக, ஒரு குட்டிக் காடு. வரிசை இல்லை, ஆனால் வருடம் முழுக்க ஏதோ ஒன்று அடுப்புக்கு வரும். மனசளவில் நமக்கு மிக நெருக்கம் அதுதான். மழைதான் இடிக்கிறது. மலைநாட்டு ஈரம் இல்லாமல் அந்த அடுக்கு நிற்காது.

அம்மா பார்த்த பிளான்

பிளானை எக்செல் ஷீட்டில் வரைந்தேன் (சிரிக்காதீர்கள், ஒரு செல் ஒரு அடி). நடுவில் 18 அடி நீளத்துக்கு ஆறு அங்குல அகல வாய்க்கால். இரு பக்கமும் இரண்டிரண்டாக நாலு பாத்தி, ஒவ்வொன்றும் 6-க்கு 8 அடி, நடைபாதையைவிட ஒரு அடி தாழ்வாக. பாரசீகத் தோட்டத்தில் சினார் மரம் செய்கிற வேலையை யார் செய்வது என்று பார்த்தால், மேற்கு மூலையில் முப்பது வருடமாக வேம்பு நிற்கிறது. பிற்பகல் வெயில் முழுக்க அதன் மேல்தான் விழுகிறது. இந்த நிழலைக் காசு கொடுத்து வாங்க முடியாது. கொட்டேஷனில் ஏழாவது வரியில் வெட்டச் சொன்ன மரம், என் ஷீட்டில் முதல் வரிக்கு வந்தது.

அம்மாவிடம் லேப்டாப்பைக் காட்டி, இது பாரசீகம், ஆண்டலூசியா என்று கால் மணி நேரம் விளக்கினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இது பாத்தி தான கண்ணு? வாய்க்கா வெட்டி மடை மாத்தற மாதிரித்தான போட்டுருக்கற?"

நான் வாயை மூடிக்கொண்டேன். கொங்குப் பக்கத்தில் தோட்டம் என்றாலே கிணற்றுப் பாசனம் உள்ள பூமி என்றுதான் அர்த்தம், மானாவாரியைக் காடு என்போம். அம்மா பிறந்த வீட்டில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்ததைப் பார்த்து வளர்ந்தவர். ஐந்து மாதம் நான் தேடிய விடையின் பாதி, அடுத்த அறையில் சீரியல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அப்படியே காப்பியும் அடிக்க முடியாது. திறந்த குளம் வைத்தால் இங்கே டெங்கு கொசுவுக்கு விருந்து. அதனால் மூடிய தொட்டி. கூரை மழைநீர் நிறைகிற 2000 லிட்டர் தொட்டி அது, காய்கிற மாதங்களில் போர்வெல்லிலிருந்து நிரப்பிக்கொள்வோம். எங்களுக்கு ஐப்பசியில் ஒரே நாளில் அடித்து ஊற்றும். தாழ்வான பாத்தியில் தண்ணீர் நின்றால் மாதுளை வேர் அழுகிவிடும். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு போக்குக் குழாய் வைத்து மழைநீர்க் குழிக்கு விட்டேன். செவில் கசப்பு ஆரஞ்சுக்குப் பதில் எலுமிச்சை. ரோஜாவுக்குப் பதில் மல்லிகையும் செவ்வந்தியும். மாதுளையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வேலையில் ஒரு கூத்து நடந்தது. கொத்தனார் நல்ல கைக்காரர், அதுதான் வினை. ரசமட்டம் வைத்து வாய்க்காலைத் துல்லியமாக மட்டம் பிடித்துக் கட்டிவிட்டார். தண்ணீர் விட்டால் நடுவில் வந்து நின்று வேடிக்கை பார்க்கிறது. உடைத்து, 18 அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் கொடுத்து மறுபடி பூசினோம். கனாத் தோண்டியவர்கள் கிலோமீட்டர் கணக்கில் இருட்டுக்குள் அந்தச் சரிவை எப்படிப் பிடித்தார்கள் என்பதன் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது மூன்று நாளைக்கு ஒரு தடவை 250 லிட்டர் விடுகிறோம். நாளொன்றுக்கு 83 லிட்டர், பழைய புல்வெளிக்கு ஆனதில் கால்பங்கு. மொத்தச் செலவு அந்தக் கொட்டேஷனில் பாதிக்கும் கீழே. தண்ணீர் விடுகிற நாளில் அம்மாதான் சின்ன மண்வெட்டியோடு வந்து மடை மாற்றுவார், என்னைக் கிட்டவே விடுவதில்லை. "அப்படிப் புடிச்சா கரை கரைஞ்சுரும், நீ போய் உன்ற வேலையப் பாரு" என்பார்.

குறை இல்லாமல் இல்லை. வேம்புக்குப் பக்கத்துப் பாத்தியில் எலுமிச்சை இரண்டு தடவை வைத்தும் வரவில்லை. வேர்ப்போட்டி என்று நினைக்கிறேன். அங்கே இப்போது கறிவேப்பிலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மார்ச்சில் வேப்பிலை வாய்க்காலை அடைக்கிறது. தினமும் காலையில் பத்து நிமிடம் கூட்டி, அதைப் பாத்தியிலேயே மூடாக்காகப் போடுகிறோம். வாய்க்காலின் வாயில் ஒரு கம்பிவலை வைக்க வேண்டும். இந்த ஞாயிறு அந்த வேலைதான்.